புதன்கிழமை விரதம்

மாப்பிள்ளை வீட்டார் குறை சொன்னது பல்லை. நிறத்தையும் சொல்லவில்லை, உயரத்தையும் சொல்லவில்லை. போயும் போயும் பல்லை.

"படத்தில பிள்ளை நல்ல வடிவு. பல்லு மட்டும் கொஞ்சம் மங்கிக் கிடக்கு. ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்று உருத்திரபுரத்திலிருந்து கனகேஸ்வரி போனில் சொன்ன நேரம் தொட்டு, பெண்ணின் தாய் அன்னபாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை. கனகேஸ்வரி சுவிஸ் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. பெடியனுக்குத் தாய் இல்லாதபடியால் பொம்பிளை பார்க்கும் அதிகாரம் முழுக்க அவளுடைய கையில். புதன்கிழமை பின்னேரம் நேரில் வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டாள்.

சொந்த ஊரான முரசுமோட்டையில் அன்னபாக்கியத்துக்கு நொட்டை சொல்ல அதுவரை ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. நொட்டை சொல்வது அவளுடைய உத்தியோகம். பக்கத்து வீட்டுக்காரியின் குழம்பு வெறும் தண்ணி. கோயில் தலைவருக்கு வேட்டி கட்டத் தெரியாது. மருமகள் சுமித்திராவுக்கு ஒன்றுமே தெரியாது. சுமித்திரா வவுனியாக்காரி, மகன் நிஷாந்தன் விரும்பிக் கட்டியவள். அந்தக் குற்றம் ஒன்றே அவளுக்கு ஆயுளுக்கும் போதும்.

இந்த உலகத்தில் அன்னபாக்கியத்துக்கு முழுமனதாகப் பிடித்த ஆள் ஒருத்திதான். அவளைக் கண்ணாடியில் பார்க்கலாம்.

ஆகவே புதன்கிழமை காலையில் ஓட்டோ பிடித்து, மகள் யதுர்ஷிகாவை நடுவில் இருத்தி, பை தூக்குவதற்கு மருமகளையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டாள். நிஷாந்தன் அறுவடை மிஷினோடு வயலுக்குப் போய்விட்டான். அவன் எப்போதும் போய்விடுகிறவன்தான்.

"உது தண்ணியால வாறது" என்றாள் அன்னபாக்கியம், ஓட்டோச் சத்தத்துக்கு மேலால். "குழாய்க்கிணத்துத் தண்ணி. இந்தப் பக்கத்துப் பிள்ளையள் எல்லாருக்கும் பல்லில காவி. டொக்டர் ஒருக்காச் சுரண்டி விட்டால் பளிச்செண்டு வந்திடும்."

யதுர்ஷிகா கைக்குட்டையை வாயில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றுப் பட்டாலே பல் கூசியது அவளுக்கு.

"வெறும் வயித்தோட வாறாள் மாமி" என்றாள் சுமித்திரா.

"விரதம்."

"இண்டைக்குப் புதன். புதனில என்ன விரதம்?"

"அவள் பிடிக்கிறாள். சாமிக்கும் அவளுக்கும் நடுவில நீ ஆர்?"

சுமித்திரா கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் யதுர்ஷிகா வெள்ளிக்கிழமையில் தொடங்கினாள். பிறகு செவ்வாய் வந்தது. திங்கள் வந்தது. சனி வந்தது. சதுர்த்தி, பிரதோசம், ஏகாதசி என்று கலண்டரில் இருந்த சாமிகள் எல்லாம் வந்து, கடைசியில் ஒரு சாமிக்கும் வேண்டாத புதன்கிழமையும் வந்து சேர்ந்தது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று வேறொரு தாய் யோசித்திருப்பாள். அன்னபாக்கியம் யோசிக்கவில்லை. கோயில் வீதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

அதைவிடப் பெருமை பாறணை. விரதம் முடித்துச் சாப்பிட உட்கார்ந்தால் யதுர்ஷிகா மூன்று பேரின் சோற்றைச் சாப்பிடுவாள். வடை, பாயாசம், அப்பளம், மிஞ்சிய கறி, சட்டியில் ஒட்டியது எல்லாம். "பசிச்ச பிள்ளை" என்று அன்னபாக்கியம் அள்ளி அள்ளிப் போடுவாள். சாப்பிட்டதும் பிள்ளை முகம் கழுவப் போகும். நெடுநேரம் கழுவும்.

அந்த முகம் கழுவலுக்குப் பிறகு குளியலறையில் ஒரு புளித்த மணம் நிற்கும். கழிவுநீர்க் கான் அடைத்துவிட்டதென்று அன்னபாக்கியம் ஆள் பிடித்து வெட்டுவித்தாள். பிள்ளையின் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தண்ணி சரியில்லை என்றாள். விரலை மடக்கும் மொளியில் காய்ந்த காயம் இருந்தது. திருவலையில் தேங்காய் துருவும்போது பட்டது என்றாள். அந்த வீட்டில் தேங்காய் துருவுகிறவள் சுமித்திரா. கை குச்சியாக மெலிந்தும் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. "கன்னம் வைச்சிட்டுது, கலியாணக் களை" என்று அதைப் படம் பிடித்துத்தான் சுவிஸுக்கு அனுப்பினாள். மிச்சப் பழியை எல்லாம் தண்ணிமேல் போட்டாள். தண்ணி நல்லது, திருப்பிக் கதைக்காது.

கிளிநொச்சியில் அந்தப் பல் வைத்தியசாலை புதியது. டொக்டர் றினோஸா முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. முக்காடு போட்ட சின்ன உருவம். அன்னபாக்கியம் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். இந்தக் குஞ்சா பல்லுப் பார்க்கப் போகிறது என்பது அந்தப் பார்வையின் பொருள்.

"தண்ணிக் கறை டொக்டர். பின்னேரம் வீட்டை ஆக்கள் வருகினம். கெதியாச் சுரண்டி விடுங்கோ."

டொக்டர் யதுர்ஷிகாவைச் சாய்வு கதிரையில் படுக்கவைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். கன்னத்தின் கீழே இரண்டு பக்கமும் தொட்டாள். பிறகு பிள்ளையின் வலக்கையை எடுத்து விரல் மொளியைப் பார்த்தாள். பல் டொக்டருக்குக் கையில் என்ன வேலை என்று அன்னபாக்கியம் நினைத்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருக்கிறீங்களோ?"

"ஏன்? நான் பெத்தவள். எனக்குத் தெரியாத என்ன கதை?"

டொக்டர் குனிந்து யதுர்ஷிகாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "தங்கச்சி, அம்மா நிக்கட்டோ, போகட்டோ? நீங்க சொல்லுறதுதான்" என்றாள் டொக்டர்.

"நிக்கட்டும். நீங்களே சொல்லுங்கோ டொக்டர்" என்றாள் யதுர்ஷிகா. "நான் சொன்னால் அவா நம்பமாட்டா."

டொக்டர் அன்னபாக்கியத்தைக் கிட்டக் கூப்பிட்டுக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். முன்னிருந்து பார்த்தால் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மேல்வரிசையின் பின்பக்கம் வேறு கதை. பாவித்துக் கழிந்த சவர்க்காரத் துண்டு போல வழுவழுவென்று தேய்ந்து, ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து கிடந்தது.

"தண்ணிக் கறை எண்டால் முன்பக்கத்திலதான் கூடத் தெரியும். மேல்பல்லின்ர உள்பக்கத்தை மட்டும் தேடிப்போய் அரிக்கிற தண்ணி எங்கயும் இல்லை அம்மா. உது வயித்தில இருந்து மேல வாற புளிப்பு. பிள்ளை சாப்பிட்டதை எல்லாம் வேணுமெண்டு சத்தி எடுத்துத் தள்ளுறா, கனகாலமா. விரல் மொளியில இருக்கிறதும் பல்லுப் பட்ட காயம்."

அன்னபாக்கியம் சிரித்தாள். ஆத்திரம் வந்தால் முதலில் சிரிப்பதுதான் அவளுடைய வழக்கம்.

"சண்டைக்காலத்தில பங்கருக்குள்ள கஞ்சிக்கு அழுத பிள்ளை இவள். ஏழு வயசில. ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம் நாங்கள். என்ர பிள்ளையோ சோத்தைச் சத்தி எடுக்கிறவள்? விரதக்காரி அவள். ஊரைக் கேட்டுப் பாருங்கோ."

"ஊருக்குப் பல்லின்ர பின்பக்கம் தெரியாது" என்றாள் டொக்டர். குரலில் கோபமில்லை. "இது கெட்ட பழக்கம் இல்லை அம்மா, வருத்தம். வைத்தியம் செய்து மாத்தலாம். பல்லை நான் மெல்ல மெல்லச் சரிபண்ணுவன். பல்லுக்கு அவசரமில்லை. கன்னம் வீங்கியிருக்கிறது எச்சில் சுரப்பி. சத்தியோட பொட்டாசியம் எண்ட உப்பும் உடம்பை விட்டுப் போயிடும். அது குறைஞ்சால் இதயம் தடுமாறும். இண்டைக்கே ஆஸ்பத்திரியில இரத்தம் சோதியுங்கோ. நான் போன் பண்ணிச் சொல்லிவிடுறன்."

"ஒருத்தருக்கும் போன் பண்ண வேண்டாம்."

"அங்க விரதம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பட்டினி எண்டு நினைச்சு வெறும் குளுக்கோஸ் ஏத்தினால் இருக்கிற உப்பும் இன்னும் இறங்கும். உயிருக்கு ஆபத்து."

"சுரண்டி விடுவீங்களோ, இல்லையோ?"

"சுரண்டினால் மிச்சமிருக்கிறதும் போயிடும்."

அன்னபாக்கியம் எழுந்தாள். வாசலுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள். "பல்லுப் பிடுங்கப் படிச்சிட்டு வயித்தைப் பற்றிக் கதைக்கிறாள். நாளைக்குக் கையைப் பாத்துச் சாதகமும் சொல்லுவாள்."

"மாமி, ஆஸ்பத்திரி கிட்டத்தான். போய் இரத்தத்தை மட்டும் குடுத்திட்டு வருவம்" என்றாள் சுமித்திரா. "நான் ரெண்டு மூண்டு தரம் உங்களிட்டைச் சொன்னனான். குளியலறையில சத்தி எடுக்கிற சத்தம் கேக்குது எண்டு."

"நீ சொல்லுவாய். சுவிஸ் மாப்பிள்ளை எண்டதும் உனக்கு வயிறு எரியுது. ஓட்டோவை வீட்டை விடச் சொல்லு."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அன்னபாக்கியம் மடைச்சி இல்லை. டொக்டர் சொன்னதில் பாதி அவளுக்கு முன்பே தெரியும். கான் வெட்டிய அன்றே தெரியும். கானில் அடைப்பு எதுவும் இருக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்திருப்பதற்கு ஒரு கெட்டித்தனம் வேண்டும். அது அவளிடம் தாராளமாக இருந்தது.

ஓட்டோவில் யதுர்ஷிகா தாயின் தோளில் சாய்ந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளித் துள்ளி நிற்பது போல இருக்கிறது என்றாள். "ஆக்கள் வருகினம் எண்ட பயம்" என்றாள் தாய்.

பின்னேரம் கனகேஸ்வரி வானில் வந்து இறங்கினாள். வாயைத் திறந்ததுமே அன்னபாக்கியம் கண்டுகொண்டாள்: கட்டுப்பல். மேலும் கீழும் வரிசை பிசகாத கட்டுப்பல். இதை வாயில் வைத்துக்கொண்டா என் பிள்ளையின் பல்லுக்கு நொட்டை சொன்னாய் என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று நல்ல கதிரையை இழுத்துப் போட்டாள்.

கனகேஸ்வரியும் சும்மா வரவில்லை. விறாந்தையைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள், திரைச்சீலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். சீலை கட்டி வந்து நின்ற யதுர்ஷிகாவையும் அதே விரலால் தொட்டுப் பார்ப்பாள் போலிருந்தது.

"பிள்ளை கை மெலிஞ்சு போச்சு."

"விரதம்" என்றாள் அன்னபாக்கியம் உடனேயே. "ஒண்டு விடாமல் பிடிப்பாள். இண்டைக்கும் பச்சைத் தண்ணி படேல்லை."

கனகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "அங்க சுவிசில இப்பிடிப் பிள்ளை தேடினாலும் கிடையாது. நேரமாச்சுத்தானே, பாறணையை எங்களுக்கு முன்னால முடிக்கட்டும். இருந்து சாப்பிடு பிள்ளை."

யதுர்ஷிகா தாயைப் பார்த்தாள். தனக்காக வேண்டாம் என்று சொல்லும்படி கேட்ட பார்வை அது. அன்னபாக்கியம் வடைத் தட்டை அவளுக்கு முன்னால் தள்ளினாள்.

முதலில் கிள்ளிக் கிள்ளித்தான் சாப்பிட்டாள். பிறகு கை வேகமெடுத்தது. வடை போனது, பணியாரம் போனது, கேக் போனது, ரோல்ஸ் போனது. வாய்க்குள் இருப்பது இறங்குமுன் அடுத்தது. சுடு தேத்தண்ணி பட்டதும் பல் கூசி முகம் சுருங்கியது, அப்போதும் நிறுத்தவில்லை. கண் யாரையும் பார்க்கவில்லை. கனகேஸ்வரி முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். "நல்லாச் சாப்பிடுறா" என்று ஒப்புக்குச் சொன்னாள்.

யதுர்ஷிகா எழுந்தாள். "முகம் கழுவிக்கொண்டு வாறன்."

குளியலறை விறாந்தையை ஒட்டித்தான் இருந்தது. கதவு மூடியது. பைப் திறந்தது. பைப்புச் சத்தத்துக்குள்ளே அந்த மற்றச் சத்தமும் தொடங்கியது.

கனகேஸ்வரி காதைத் தீட்டினாள். "பிள்ளைக்கு என்ன செய்யுது?"

அன்னபாக்கியம் ரிமோட்டை எடுத்து ரீவியைப் போட்டாள். ஏதோ ஒரு நாடகத்தில் இரண்டு பெண்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். "இந்த நாடகம் பாக்கிறனீங்களோ? நல்ல கதை" என்றாள்.

குசினி வாசலில் நின்ற சுமித்திரா இதைப் பார்த்தாள். கட்டிய ஆறு வருடத்தில் மாமியாரின் எத்தனையோ கூத்துகளைப் பார்த்துச் சகித்தவள். இதைச் சகிக்க அவளால் முடியவில்லை. மாமியாரை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, நேரே போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். "யது. யது, கதவைத் திற."

பைப் ஓடிக்கொண்டிருந்தது. மற்றச் சத்தம் நின்றிருந்தது.

சுமித்திரா தோளால் இடித்தாள். இரண்டாம் இடியில் கொளுக்கி கழன்றது. யதுர்ஷிகா கழுவுதொட்டிக்குக் கீழே மடிந்து கிடந்தாள். கால் இரண்டும் மரமாக விறைத்திருந்தன. உதட்டில் நிறமில்லை.

"மயக்கம்" என்றாள் அன்னபாக்கியம், விருந்தாளியைத் திரும்பிப் பார்த்து. "வெறும் வயித்தில கனக்கச் சாப்பிட்டது. விரதத்தால வந்த மயக்கம்."

"வாயைப் பொத்துங்கோ மாமி" என்றாள் சுமித்திரா. "கனகேஸ்வரியம்மா, உங்கட வான் வேணும்."

கனகேஸ்வரியின் வானில்தான் போனார்கள். ஆகவே கனகேஸ்வரியும் வந்தாள். வழியெல்லாம் விரதத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய மச்சாள் ஒருத்தியும் கௌரி விரதத்தில் மயங்கி விழுந்தவளாம், பிறகு இரண்டும் ஆண்பிள்ளையாம். அன்னபாக்கியம் தலையை ஆட்டியபடி மகளின் கையைப் பிடித்திருந்தாள். நாடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

அவசரப் பிரிவில் யதுர்ஷிகாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். கண் பாதி திறந்திருந்தது. இளம் டொக்டர் ஒருவர் வேகமாக வந்தார்.

"என்ன நடந்தது? சாப்பிட்டவவோ?"

"விரதக்காரப் பிள்ளை, தம்பி" என்றாள் கனகேஸ்வரி முந்திக்கொண்டு. "வெறும் வயித்தோட இருந்து மயங்கிப் போனா."

"வேற வருத்தம் ஏதும்? சத்தி, வயித்தாலடி?"

அன்னபாக்கியத்தின் காதுக்குள் அந்த முக்காடு போட்ட குஞ்சு சொன்னது அப்படியே கேட்டது. கனகேஸ்வரி பக்கத்தில் நின்றாள். நாளைக்கு உருத்திரபுரம் முழுக்கத் தெரியும். முரசுமோட்டைக்கும் வரும். கோயில் வீதிக்கும் வரும்.

"இல்லை" என்றாள்.

"ஓம் டொக்டர்" என்றாள் சுமித்திரா, அதே நேரத்தில். "சத்தி எடுக்கிறவ. வேணுமெண்டே. ரெண்டு வருசமா."

டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தாதி குளுக்கோஸ் போத்தலோடு வந்து நின்றாள்.

"இதில ஆர் தாய்?"

சுமித்திரா ஒதுங்கினாள். அன்னபாக்கியம் ஒரு அடி முன்னால் வந்தாள். போத்தலைப் பார்த்தாள். மகளின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தாள். கனகேஸ்வரியைப் பார்க்கவில்லை.

"நான்" என்றாள். "அவள் சொல்லுறதுதான் சரி."

ஆறு வருடமாக அந்த மருமகள் உலையில் அரிசி போட்டதுகூடச் சரி என்று சொல்லாத வாய் அது. சொன்னதும் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் அதற்குப் பிறகு அவளிடம் எதையும் கேட்கவில்லை. "அதை ஏத்தாதேங்கோ. ஈ.சி.ஜி. எடுங்கோ, பொட்டாசியம் பாருங்கோ, உடனே" என்றார். வயர்களை ஒட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். மிஷினிலிருந்து வந்த கடதாசியைப் பார்த்த டொக்டரின் முகம் இறுகியது. இன்னொரு டொக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

கனகேஸ்வரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். "வேணுமெண்டே சத்தியோ? ரெண்டு வருசமோ?" அன்னபாக்கியத்தின் காதருகே கேட்டாள். "எங்கட தலையில ஆரைக் கட்டப் பாத்தனீங்கள்?"

அந்தக் கேள்விக்குச் சுடச்சுடப் பதில் சொல்ல ஆயிரம் சொல் வைத்திருந்தவள்தான் அன்னபாக்கியம். அவள் திரும்பிப் போய் மகளின் விறைத்த காலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அப்போது கனகேஸ்வரியின் போன் அடித்தது. சுவிஸ் நம்பர். அவசரமாக அமத்தியதில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "ஹலோ பெரியம்மா, பாத்திட்டீங்களோ? பொம்பிளை எப்பிடி?" என்றது ஒரு உற்சாகமான ஆண்குரல். தாதிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். கட்டிலிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. விரல் மொளியில் காய்ந்த காயம் விளக்கு வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

"போனை என்னட்டைத் தாங்கோ" என்றாள் யதுர்ஷிகா. குரல் உடைந்திருந்தது, ஆனால் சொல் தெளிவு. "நான் எப்பிடி எண்டு நானே சொல்லுறன்."